போயிடுமாம்

முதலில் வந்தவன் குடியாத்தத்துக் குபேந்திரன்.
பஸ்ஸில் நெரிசல்.
மடியில் சிபியூ,
காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி.
"ரோஸ்லின்க்கா, இந்தக் கார்டு
மூணு மாசத்துல போயிடுமாம்."
யார் சொன்னது?
"எல்லாரும் சொல்லிகினு கீறாங்க."
மாட்டிப் பார்த்தேன். விசிறி சுற்றியது.
அவன் விட்டுவைத்த கார் பந்தயம்
விட்ட வளைவிலிருந்து ஓடியது.

புதன்கிழமைக்குள் பதினேழு பேர்.
சீரியல் நம்பர் ஏழில் முடிந்தால் எரியுமாம்.
இல்லை, ஏழில் தொடங்கினால்தானாம்.
கறுப்பு விசிறி போயிடுமாம்,
வெள்ளை தப்பிக்குமாம்.
ஓசூரில் ஒரு ஆபீஸே இருட்டாகிவிட்டதாம்.
கம்பெனிக்குத் தெரியுமாம்,
தெரிந்துதான் நம்ம ஜில்லாப் பக்கம்
தள்ளிவிட்டானாம்:
இங்கே போனால் பழியை
வெயில்மேல் போட்டுக்கொள்ளலாமாம்.

இந்தக் கடைசி ஒன்றை மட்டும்
என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.
கிரீன் சர்க்கிளில் அன்று நூற்றெட்டு டிகிரி.
என் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
சால்டரிங் அயனை அணைத்த பிறகும்
இறுகலாமா என்று ஈயம் யோசிக்கிற மதியம்.

நல்லா இருக்கு என்றேன்.
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.
"இன்னொரு தபா பாருங்க மேடம்."
ஒரு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால்
அடுத்த ஸ்கேனுக்குப் பணம் கட்டும் ஊர் இது.
கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து
லாட்ஜ் அறையில் பருப்பு வேகவைத்தபடி
மாசக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கேளுங்கள்,
ஒன்றுமில்லை என்பதை நம்ப
எவ்வளவு செலவாகும் என்று.

சரி, லேசா சூடாகுது என்று சொல்லிப் பார்த்தேன்.
பேரணாம்பட்டு முனவ்வர் சார் முகம் தெளிந்தது.
"நான் சொல்லல?"
பேஸ்ட் மாற்ற இருநூற்றைம்பது.
மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனார்.
அவருக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும்
லேசா சூடானது.
அந்த வாரம் என் வாடகை பாக்கி தீர்ந்தது.
இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மொத்தம் நாற்பத்து மூன்று பார்த்தேன். செத்தது மூன்று.
ஒன்றில் எறும்பு புற்று வைத்திருந்தது.
ஒன்றை, உள்ளே கெட்டிருக்குமோ என்று பயந்து
காய்கறிக் கத்தியால் நெம்பித் திறந்திருந்தார்கள்.
மூன்றாவது,
ஆற்காட்டில் கல்யாண வீடியோ வெட்டுகிறவருடையது.
வைகாசி முகூர்த்தம் ஒன்று
தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுபோயிருந்தது,
மாப்பிள்ளை கையில் தாலியோடு.
சுத்தமான கார்டு. தூசி இல்லை. கருகல் இல்லை.
இரவு பதினொன்று வரை லென்ஸ் வைத்துத் தேடினேன்.
காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

ஆம் என்றால் சரி, உண்மை.
அதையே வினைக்குப் பின்னால் ஒட்டினால்
எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டேன்.
எந்தப் பக்கம் செருகினாலும் உள்ளே போகிற
புது சார்ஜர் பின் மாதிரி ஒரு சொல்லை
இத்தனை நாள் வாயில் வைத்திருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மூன்று மணி.
பில் போடும் என் சொந்தக் கம்ப்யூட்டரில்
திரையின் குறுக்கே பச்சையாய் ஒரு கோடு.
இரண்டு நொடி. போய்விட்டது.
பக்கத்துக் கோழிக்கடை பிரீசர் போட்டிருப்பான்,
வோல்டேஜ் இறங்கியிருக்கும்.
என்றாலும் அணைத்துவிட்டேன்.
கடையில் யாருமில்லை,
டீ வைத்துவிட்டுப் போன லோகுவைத் தவிர.

டீ ஆறவில்லை. போன்.
குடியாத்தம்.
"அக்கா, உங்க கடையிலயே ஒண்ணு
பூட்டுச்சாமே?"
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
கார்டை உருவி வெளிச்சத்தில் திருப்பினேன்.
சீரியல் நம்பர் பாதி அழிந்திருந்தது.
கடைசி எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
ஒன்றா, ஏழா,
தேய்க்கத் தேய்க்க
இன்னும் மங்கியது.